எடை, உயரம், கைச்சுற்றளவு: அளப்பதும் படிப்பதும்

ஒன்றரை வயது முடிந்த ஆண் குழந்தைகள் இருவர். இருவருக்கும் எடை 8.3 கிலோ. வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்தால் இரண்டும் ஒரே இடத்தில், மஞ்சள் பட்டைக்குள் விழும். பதிவேட்டில் இரண்டு பெயருக்கு எதிரிலும் 'மிதமான எடைக்குறைவு' என்றே எழுதுவோம். ஆனால் அவர்களில் ஒருவனை உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து. மற்றவனுக்கு அந்த அவசரம் இல்லை, வேறு வகைக் கவனிப்பு தேவை. எடையை மட்டும் பார்த்தவருக்கு இந்த வேறுபாடு தெரிய வழியில்லை. உயரத்தையும் அளந்தவருக்குத் தெரியும். எப்படி என்பதை எண்களோடு பின்னால் பார்ப்போம்.

அங்கன்வாடியில் புதிதாகப் பொறுப்பேற்றவர்களையும் ஊரில் தன்னார்வலராக உதவ வருபவர்களையும் மனதில் வைத்து இந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது. தங்கள் குழந்தையின் அட்டையைப் புரிந்துகொள்ள விரும்பும் பெற்றோருக்கும் இது பயன்படும். வேலை மூன்று: சரியாக அளப்பது, அட்டையில் சரியாகப் பதிவது, பதிந்ததைப் படித்து முடிவெடுப்பது. அளப்பதில் வரும் பிழை மற்ற இரண்டையும் சேர்த்துக் கெடுக்கும். அதனால் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

## கையில் இருக்க வேண்டியவை

எடைக்கருவி (தொங்கு தராசு அல்லது டிஜிட்டல்), படுக்கவைத்து நீளம் அளக்கும் பலகை, நிற்கவைத்து உயரம் அளக்கும் கருவி, கைச்சுற்றளவு நாடா, தாய் சேய் நல அட்டை, 'உயரத்துக்கேற்ற எடை' அட்டவணை (ஆண், பெண் தனித்தனியாக), பென்சில், ஒரு நோட்டு. இவற்றோடு உதவிக்கு இன்னொருவரும் வேண்டும். தனியாளாக நீளம் அளக்க முயலாதீர்கள். குழந்தையும் பத்திரமாக இருக்காது, அளவும் சரியாக வராது.

எடைக்கருவியை அளக்கும் நாளன்று காலையிலேயே சோதித்துவிடுங்கள். முத்திரையிட்ட எடைக்கல் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் காலிக் குடத்தை எடை போட்டு, அதில் அளந்து 5 லிட்டர் தண்ணீர் ஊற்றி மறுபடி எடை போடுங்கள். 5 கிலோ கூட வேண்டும். கூடவில்லை என்றால் அந்தக் கருவியை ஒதுக்கிவைத்து மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். 'எப்பவும் இருநூறு கிராம் கூடத்தான் காட்டும், கழிச்சுக்குவோம்' என்ற மனக்கணக்கு வேண்டாம். அடுத்த மாதம் அது முந்நூறு கிராம் கூடக் காட்டினால் உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

## முதலில் வயதைச் சரியாகக் கணக்கிடுங்கள்

அளவெடுப்பதில் கவனமாக இருப்பவர்கள்கூட வயதில் சறுக்குகிறார்கள். வளர்ச்சி அட்டை கேட்பது முடிந்த மாதங்களை. நம் வீடுகளில் வயதைப் பெரும்பாலும் நடப்பில் சொல்வார்கள். 'ரெண்டு நடக்குது டீச்சர்' என்றால் குழந்தைக்கு முடிந்திருப்பது ஒரு வயதுதான். அதை 24 மாதம் என்று எழுதிவிட்டால் நன்றாக வளரும் குழந்தையும் குறைபாடுள்ள குழந்தையாகிவிடும்.

1. பிறந்த தேதியைப் பிறப்புச் சான்றிதழிலோ தாய் சேய் நல அட்டையிலோ பார்த்து எழுதுங்கள். வாய்ச்சொல்லை மட்டும் நம்ப வேண்டாம்.
2. பிறந்த தேதியிலிருந்து முழு மாதங்களை எண்ணுங்கள். 2024 பிப்ரவரி 20-ல் பிறந்த குழந்தையை 2025 ஆகஸ்ட் 12-ல் அளந்தால் வயது 17 மாதம். ஆகஸ்ட் 20 வந்தால்தான் 18.
3. சான்று எதுவும் இல்லையென்றால் ஊர் நாட்காட்டியின் துணையோடு கேளுங்கள்: 'ஆடிப்பெருக்குக்கு முன்னாடியா, பின்னாடியா?', 'தீபாவளிக்குக் கைக்குழந்தையா, வயித்துல இருந்துச்சா?' கிடைத்த தேதிக்குப் பக்கத்தில் 'உத்தேசம்' என்று குறித்துவையுங்கள்.
4. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, எத்தனை வாரம் முன்னதாகப் பிறந்ததோ அத்தனை வாரத்தை வயதிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். இரண்டு வயது வரை இந்தக் கழிவு உண்டு.

ஒரு மாதப் பிழை என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். மேலே சொன்ன குழந்தை ஆணாக, 8.7 கிலோவாக இருந்தால், 17 மாதம் என்ற சரியான வயதில் புள்ளி பச்சையில் விழும். 18 என்று போட்டால் மஞ்சளுக்குப் போய்விடும்.

## எடை

தொங்கு தராசில்:

1. தராசைக் கட்டும் விட்டத்தையும் கயிற்றையும் முதலில் சோதியுங்கள். ஒரு வாளி நிறையத் தண்ணீரைத் தொங்கவிட்டு, கயிறு நழுவுகிறதா, கொக்கி விரிகிறதா என்று பாருங்கள்.
2. தராசின் முகம் உங்கள் கண்மட்டத்தில் இருக்கட்டும். கீழே நின்று அண்ணாந்து படித்தால் முள் வேறு இடத்தில் தெரியும்.
3. காலித் தொட்டில் பையை மாட்டிய பிறகே முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பையின் எடை இப்படித்தான் கழியும்.
4. குழந்தையின் உடைகளைக் கழற்றுங்கள். டயப்பரை அவசியம் எடுத்துவிடுங்கள். நனைந்த டயப்பர் ஒன்றே ஒரு மாத வளர்ச்சி அளவுக்குக் கனக்கும்.
5. பையில் உட்காரவைத்து, தரையில் கால் படாமல் தொங்கவிடுங்கள். தாய் எதிரில், குழந்தைக்குத் தெரியும்படி நிற்கட்டும். உதவியாளரின் கைகள் குழந்தையைத் தொடாமல், ஆனால் அருகிலேயே இருக்கட்டும்.
6. முள் அசையாமல் நின்றதும் 100 கிராம் துல்லியத்தில் படித்து, வாய்விட்டுச் சொல்லி, உடனே எழுதுங்கள். எழுதிய பிறகுதான் குழந்தையை இறக்க வேண்டும்.

டிஜிட்டல் கருவியைச் சமதளமான கெட்டித் தரையில் வையுங்கள். பாய், சாக்கு, மண் தரை எதுவும் ஆகாது. நிற்கத் தெரியாத குழந்தையானால் முதலில் தாய் ஏறி நிற்கட்டும். அவர் நிற்கும்போதே கருவியைப் பூஜ்யமாக்கிவிட்டுக் குழந்தையைக் கையில் கொடுங்கள். திரையில் தெரிவது குழந்தையின் எடை மட்டுமே. இந்த வசதி இல்லாத கருவியில் தாயைத் தனியாகவும் குழந்தையோடும் எடை போட்டுக் கழிக்கலாம். அந்தக் கழித்தலை மனதில் செய்யாமல் நோட்டில் போடுங்கள்.

கொலுசும் அரைஞாணும். வெள்ளிக் கொலுசு, காப்பு, அரைஞாண்கொடி எல்லாம் சேர்ந்தால் நூறு கிராமைத் தொட்டுவிடும். ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்கு மாதம் ஏறுவதே சுமார் இருநூறு கிராம்தான். ஆகவே கழற்றச் சொல்லிக் கேளுங்கள். அரைஞாணைக் கழற்ற வீட்டார் விரும்பமாட்டார்கள் என்றால் வற்புறுத்த வேண்டாம். 'அரைஞாணோடு' என்று எழுதிவைத்து, ஒவ்வொரு மாதமும் அப்படியே எடை போடுங்கள். ஒரே நிலையில் எடுத்த அளவுகளைத்தான் ஒப்பிட முடியும்.

கண் படும் என்ற அச்சம். 'எல்லாரும் பார்க்க எடை போடாதீங்க டீச்சர், கண்ணு பட்டுடும்' என்று தாய் சொன்னால் அதை வாதமாக்காதீர்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய் அளந்து, எண்ணைத் தாயிடம் மட்டும் சொல்லுங்கள். உண்மையில் எல்லாக் குழந்தைக்கும் இப்படித்தான் செய்ய வேண்டும்; ஒரு குழந்தையின் எடை தெருவுக்குத் தெரிய வேண்டிய செய்தியில்லை.

## நீளமும் உயரமும்

மூன்று அளவுகளில் இதில்தான் பிழை அதிகம் வருகிறது. எடையைக் கருவி சொல்லிவிடும். இங்கே குழந்தையை நேராகப் பிடித்து நிறுத்துவது முழுக்க நம் கைகளின் வேலை.

இரண்டு வயது முடியும்வரை படுக்கவைத்து அளப்பது நீளம். அதன் பிறகு நிற்கவைத்து அளப்பது உயரம். ஒரே குழந்தை படுத்தால் நின்றதைவிடச் சுமார் 0.7 செ.மீ. கூடுதலாக வரும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை வேறு வழியின்றி நிற்கவைத்து அளந்தால் 0.7 செ.மீ. கூட்டுங்கள். இரண்டு வயதைத் தாண்டிய, நிற்க முடியாத குழந்தையைப் படுக்கவைத்து அளந்தால் 0.7 செ.மீ. கழியுங்கள். எப்படி அளந்தீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

படுக்கவைத்து அளக்க:

1. பலகையை மேசையின் ஓரத்தில் வைக்காமல் தரையிலோ அகலமான மேசையின் நடுவிலோ வைத்து, மேலே மெல்லிய துணி விரியுங்கள்.
2. தலையில் பூ, கிளிப், ரப்பர் பேண்டு, கொண்டை எதுவும் இருக்கக்கூடாது.
3. உதவியாளர் தலைப் பலகைக்குப் பின்னால் மண்டியிட்டு, குழந்தையின் தலையை இரண்டு கைகளாலும் தாங்கி, உச்சந்தலை பலகையைத் தொடும்படி பிடிக்கட்டும். கண்கள் நேரே மேலே பார்க்க வேண்டும். தாடை மார்பில் இடித்தாலோ பின்னால் சாய்ந்தாலோ அளவு மாறிவிடும். தாயையே இந்த இடத்தில் அமர்த்தினால் குழந்தை அழுவது குறையும்.
4. நீங்கள் பக்கவாட்டில் இருந்து ஒரு கையால் இரண்டு முழங்கால்களையும் மென்மையாக அழுத்தி நீட்டுங்கள். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்குக் கால் முழுதாக நீளாது. இழுக்காதீர்கள், நீளும் அளவு போதும்.
5. மறுகையால் கால் பலகையை நகர்த்தி இரண்டு உள்ளங்கால்களிலும் பொருத்துங்கள். விரல்கள் மேல்நோக்கி இருக்கட்டும்.
6. 0.1 செ.மீ. வரை படியுங்கள். 75.4 என்றால் 75.4 என்றே எழுதுங்கள். பல பதிவேடுகளில் 75, 75, 80 என்று முழு எண்களாகவே இருக்கும். அப்படியொரு பக்கத்தைப் பார்த்தாலே, அளவு கண்பார்வையில் எடுத்தது என்று புரிந்துவிடும்.

நிற்கவைத்து அளக்கும்போது செருப்பு வேண்டாம். குதிகால், கெண்டைக்கால், பிட்டம், தோள்பட்டை, பின்தலை ஆகியவை பலகையைத் தொட வேண்டும். நல்ல சதைப்பற்றுள்ள குழந்தைக்கு எல்லாம் ஒருசேரத் தொடாது. பிட்டமும் பின்தலையுமாவது தொடட்டும். உதவியாளர் குழந்தையின் முழங்காலையும் கணுக்காலையும் பிடித்துக்கொள்வார். நீங்கள் தாடையைத் தாங்கிப் பார்வையை நேராக்கி, மேல் பலகையை முடி அழுந்தும்வரை இறக்கிப் படியுங்கள்.

இரண்டு முறை அளங்கள். குழந்தையைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி வைத்து அளக்க வேண்டும். இரண்டு அளவுக்கும் இடையே நீளத்தில் 0.7 செ.மீ.க்கு மேலோ எடையில் 100 கிராமுக்கு மேலோ வித்தியாசம் வந்தால் இரண்டையும் விட்டுவிட்டுப் புதிதாக அளங்கள். போன மாதத்தைவிட உயரம் குறைந்திருந்தால் குழந்தை குறுகிவிடவில்லை. இரண்டு மாதங்களில் ஏதோ ஒன்றின் அளவு தவறு.

எச்சரிக்கை. அலறி நெளியும் குழந்தையை அமுக்கிப்பிடித்து அளக்காதீர்கள். பலகையின் ஓரத்தில் தலை மோதக்கூடும். தாயிடம் கொடுத்து, பால் குடிக்கவிட்டு, அடுத்த குழந்தையை அளந்த பிறகு வாருங்கள். காலில் கட்டு, பிறவி வளைவு, முதுகுக் கூன் உள்ள குழந்தைக்கு நீளத்தை எழுதாமல் காரணத்தை எழுதுங்கள்.

## கைச்சுற்றளவு

ஆறு மாதம் முடிந்ததிலிருந்து ஐந்து வயது முடியும்வரை இந்த அளவு பயன்படும். வயது தெரியாவிட்டாலும் எடைக்கருவி இல்லாவிட்டாலும் ஒரு நாடாவோடு வீடு வீடாகப் போய் மிக மெலிந்த குழந்தையைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதே இதன் பலம்.

1. இடது கையைச் சட்டையிலிருந்து முழுதாக வெளியே எடுத்து, முழங்கையைச் செங்கோணமாக மடக்குங்கள்.
2. தோள் எலும்பின் முனையிலிருந்து முழங்கை முனை வரை அளந்து, நடுவில் பேனாவால் சின்னக் குறி வையுங்கள்.
3. கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, குறியின் மேல் நாடாவைச் சுற்றுங்கள். நாடாவுக்கும் தோலுக்கும் இடையே இடைவெளி வேண்டாம். தோல் பிதுங்கவும் கூடாது.
4. 0.1 செ.மீ. வரை படியுங்கள்.

11.5 செ.மீ.க்குக் குறைந்தால் சிவப்பு: கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு, பேச்சுவழக்கில் 'சாம்'. 11.5 முதல் 12.4 வரை மஞ்சள்: மிதமானது, 'மாம்'. 12.5-உம் அதற்கு மேலும் பச்சை. கை பச்சையில் இருந்தாலும் உயரத்துக்கேற்ற எடை மிகக் குறைவாக இருக்கலாம். ஒன்றில் தேறிவிட்டது என்று மற்றதை விட்டுவிடாதீர்கள்.

## இரண்டு பாதங்களையும் அழுத்திப் பாருங்கள்

இதற்கு அரை நிமிடம் போதும், கருவியும் வேண்டாம். ஆனாலும் பலர் தவிர்த்துவிடுவது இதைத்தான். குழந்தையின் இரண்டு பாதங்களின் மேற்புறத்திலும் கட்டைவிரல்களை வைத்து, 'நூற்றியொன்று, நூற்றியிரண்டு, நூற்றிமூன்று' என்று நிதானமாக எண்ணும்வரை அழுத்தி எடுங்கள். இரண்டு பாதங்களிலும் குழி விழுந்து அப்படியே நின்றால் அது ஊட்டக்குறை வீக்கமாக இருக்கலாம். எடை எவ்வளவு காட்டினாலும் அந்தக் குழந்தையை அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். உடலில் தேங்கிய நீர் எடையைக் கூட்டிக் காட்டும். 'பிள்ளை புசுபுசுன்னு இருக்கான்' என்று வீட்டில் மகிழ்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் உள்ளே உடல் தேய்ந்துகொண்டிருக்கும். ஒரு காலில் மட்டும் வீக்கம் என்றால் அடியோ புண்ணோ காரணமாக இருக்கலாம். அதையும் காட்டச் சொல்லுங்கள்.

## அட்டையில் புள்ளி

ஆணுக்கு நீலப் பக்கம், பெண்ணுக்கு இளஞ்சிவப்புப் பக்கம். இது வெறும் வண்ண வேறுபாடு இல்லை. 18 மாதத்தில் 8.3 கிலோ இருந்தால் ஆண் குழந்தை மஞ்சளில், பெண் குழந்தை பச்சையில். பக்கம் மாறினால் முடிவு மாறும்.

கீழே வயதையும் பக்கவாட்டில் எடையையும் பிடித்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் பென்சிலால் சின்னப் புள்ளி வையுங்கள். போன மாதப் புள்ளியோடு கோட்டால் இணையுங்கள். ஒரு மாதம் அளக்காமல் விட்டிருந்தால் நடுவில் ஊகப் புள்ளி போடாதீர்கள். அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். அட்டையின் பட்டைகள் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு. கைச்சுற்றளவு நாடாவில் பச்சை, மஞ்சள், சிவப்பு. இரண்டு மஞ்சளும் ஒரே பொருள் தருவதில்லை. அட்டையின் மஞ்சள் வயதுக்கேற்ற எடையைச் சொல்கிறது, நாடாவின் மஞ்சள் உடல் மெலிவைச் சொல்கிறது.

அளவுகளைக் கைபேசிச் செயலியில் ஏற்றுபவர்கள் 'அனுப்பு' என்பதைத் தொடும் முன் எண்களை ஒருமுறை உரக்கப் படியுங்கள். 75-ஐ 57 என்று தட்டிவிட்டால் செயலி அதையும் நம்பி ஒரு முடிவைச் சொல்லிவிடும்.

## இரண்டு பையன்களுக்குத் திரும்புவோம்

மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: வயதுக்கு ஏற்ற எடை உண்டா? வயதுக்கு ஏற்ற உயரம் உண்டா? இருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடை உண்டா? ஒவ்வொன்றுக்கும் உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட அளவுகோலில் இரண்டு கீழ்க்கோடுகள் உண்டு. முதல் கோட்டுக்குக் கீழே மிதமான குறைவு, இரண்டாவதுக்குக் கீழே கடுமையான குறைவு.

18 மாத ஆண் குழந்தைக்கு எடையின் முதல் கோடு 8.8 கிலோ, இரண்டாவது 7.8. நம் பையன்கள் இருவரும் 8.3. இருவருக்கும் மிதமான எடைக்குறைவு. இனி உயரம்.

முதல் பையனின் நீளம் 75 செ.மீ. இந்த வயதில் நீளத்தின் முதல் கோடு 76.9, இரண்டாவது 74.2. ஆகவே வயதுக்கேற்ற உயரம் இல்லை. ஆனால் 75 செ.மீ. நீளமுள்ள ஆண் குழந்தைக்கு எடையின் முதல் கோடு 8.1 கிலோதான். இவன் அதற்கு மேலே இருக்கிறான். மெலிவு இல்லை. பல மாதங்களாகப் போதாத உணவும் அடிக்கடி வந்த நோயும் இவன் வளர்ச்சியைப் பிடித்து இழுத்திருக்கின்றன.

இரண்டாமவனின் நீளம் 82 செ.மீ. வயதுக்கு நடுத்தரமான, நல்ல உயரம். வீட்டில் 'வளத்தியான பிள்ளை, அதான் ஒல்லியாத் தெரியறான்' என்பார்கள். 82 செ.மீ. நீளத்துக்கு எடையின் இரண்டாவது கோடு 8.5 கிலோ. இவன் அதற்கும் கீழே. இது கடுமையான மெலிவு, 'சாம்'. அண்மையில் ஏதோ நடந்திருக்கிறது: வயிற்றுப்போக்கு, நீண்ட காய்ச்சல், தாய்ப்பால் சட்டென்று நின்றது, வீட்டில் வேலையோ வருமானமோ போனது. உடனே மருத்துவரிடம் போக வேண்டியவன் இவன்தான்.

முதல் பையன் போன்றவர்கள் கண்ணில் படுவதே இல்லை என்பது எனக்குப் பெரிய கவலை. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 25 விழுக்காட்டினருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. நாலில் ஒரு குழந்தை அப்படி இருக்கும்போது அதுவே இயல்பாகத் தோன்றிவிடுகிறது. 'அவங்க அப்பாவே குட்டைதானே டீச்சர்' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அந்த 2006 அளவுகோலுக்காக ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்தார்கள். புதுதில்லியும் அதில் ஓர் இடம். தாய்ப்பாலும் நல்ல உணவும் சுகாதாரமான சூழலும் கிடைத்த குழந்தைகள் முதல் ஐந்து ஆண்டுகளில் எல்லா நாடுகளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்ந்தார்கள். சின்ன வயதில் உயரக்குறைவைக் கண்டால் பரம்பரை என்று ஒதுக்கும் முன் சாப்பாட்டையும் நோயையும் விசாரியுங்கள். முதல் இரண்டு வயதுக்குள் சரிசெய்வது எளிது. பிறகு கடினமாகிக்கொண்டே போகும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. உயரத்துக்கு மிக அதிக எடை இருந்தால் 'கொழுகொழு' என்று பாராட்டிவிட்டு நகராதீர்கள். பிஸ்கட், சிப்ஸ் பாக்கெட், சர்க்கரை போட்ட பானப் பொடி எவ்வளவு உள்ளே போகிறது என்று கேளுங்கள்.

## கோடு எந்தப் பக்கம் போகிறது?

பச்சைக்குள் இருக்கிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். பச்சைக்குள்ளேயே மூன்று மாதமாகப் படுத்துக்கிடக்கும் கோடு, மஞ்சளுக்குள் மேலேறிக்கொண்டிருக்கும் கோட்டைவிடக் கவலைக்குரியது. 1980-ல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இந்த அடிப்படையில்தான் நடந்தது. 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாமல் நின்ற குழந்தைகளைப் பிரித்தெடுத்துக் கூடுதல் உணவு கொடுத்தார்கள்.

ஏற்றம் எவ்வளவு இருக்க வேண்டும்? நடுத்தர ஆண் குழந்தை பிறக்கும்போது 3.3 கிலோ, 3 மாதத்தில் 6.4, 6-ல் 7.9, 9-ல் 8.9, ஒரு வயதில் 9.6, இரண்டு வயதில் 12.2. பெண் குழந்தைக்கு இதே வரிசை 3.2, 5.8, 7.3, 8.2, 8.9, 11.5. எல்லாக் குழந்தையும் இந்த எண்ணில் இருக்க வேண்டும் என்பதில்லை. தன் கோடு எந்த உயரத்தில் தொடங்கினாலும் அட்டையின் வளைவுக்கு இணையாக ஏறினால் போதும். பிறந்த முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் இறங்குவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும்.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு ஒரு மாதம் எடை ஏறவில்லை என்றாலே காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் அனுப்புங்கள். அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு ஒரு மாதம் நின்றால் விசாரியுங்கள், இரண்டாவது மாதமும் நின்றால் அனுப்புங்கள். எடை இறங்கினால் அந்த மாதமே.

## தாயிடம் பேசுவது

அட்டையைத் தாயின் கையில் கொடுத்து, கோட்டை விரலால் காட்டிப் பேசுங்கள். 'சத்துக்குறைவான பிள்ளை' என்று பெயர் வைக்காதீர்கள். 'போன மாசத்திலிருந்து எடை ஏறலைம்மா, என்ன நடந்துச்சுன்னு சேர்ந்து பார்க்கலாமா?' என்று தொடங்குங்கள். 'நேத்து காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் என்ன சாப்பிட்டான்?' என்று கேட்டால் உண்மையான பதில் வரும். 'நல்லா ஊட்டுறீங்களா?' என்று கேட்டால் 'ஊட்டுறேன்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நோய் வந்ததா, தாய்ப்பால் தொடர்கிறதா, பகலில் குழந்தையை யார் பார்க்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். நூறு நாள் வேலைக்குத் தாய் போய்விட, பாட்டி பார்த்துக்கொள்ளும் வீட்டில் ஆலோசனை போய்ச் சேர வேண்டியது பாட்டியிடம்.

ஒரே சந்திப்பில் பத்து அறிவுரை சொன்னால் ஒன்றும் நிற்காது. அந்த வீட்டில் முடிகிற ஒன்றையோ இரண்டையோ சொல்லுங்கள்:

- ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும். பிறகு இணை உணவோடு இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால்.
- கஞ்சி கரண்டியிலிருந்து ஒழுகக்கூடாது, வழுக்கி விழ வேண்டும். நீர்த்த கஞ்சியில் வயிறு நிறையும், சத்து சேராது. சத்துமாவைக் கெட்டியாகக் கிளறியோ உருண்டை பிடித்தோ கொடுக்கலாம்.
- குழந்தையின் சோற்றில் ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ, மசித்த பருப்பு, கீரை. முட்டை சாப்பிடும் வீடென்றால் முட்டை.
- 6 முதல் 8 மாதக் குழந்தைக்கு நாளைக்கு 2–3 வேளை. 9 மாதத்திலிருந்து 3–4 வேளையும் இடையில் ஒன்றிரண்டு தின்பண்டமும்.
- காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் உணவை நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. தேறிய பிறகு இரண்டு வாரமாவது ஒரு வேளை கூடுதலாக.

## எப்போது, எங்கே அனுப்புவது

கை 11.5 செ.மீ.க்குக் கீழே, உயரத்துக்கேற்ற எடை இரண்டாவது கோட்டுக்குக் கீழே, இரண்டு பாதங்களிலும் குழி விழும் வீக்கம்: இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் 'சாம்'. மூன்றும் சேரக் காத்திருக்க வேண்டாம். கிராம சுகாதார செவிலியருக்குத் தகவல் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் அனுப்புங்கள். வீட்டிலிருந்து சிகிச்சையா, அரசு மருத்துவமனையின் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

எதுவும் குடிக்கவோ சாப்பிடவோ மறுப்பது, எல்லாவற்றையும் வாந்தி எடுப்பது, வலிப்பு, துவண்டு கிடப்பது, மூச்சிரைப்பு, உடல் சில்லிட்டுப்போவது, அதிகக் காய்ச்சல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்துப் போர்த்திவையுங்கள். விழிப்பாக இருந்து குடிக்க முடிந்தால் தாய்ப்பால் தொடரட்டும்.

எச்சரிக்கை. 'சாம்' என்று தெரிந்ததும் அன்றே நிறைய ஊட்டி ஈடுகட்ட நினைக்காதீர்கள். நெடுநாள் பட்டினியில் தளர்ந்த உடல் திடீர்ச் சுமையைத் தாங்காது. இதயம் வரை பாதிக்கும். மருத்துவமனையில்கூடச் சிறுசிறு அளவில், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என்றுதான் தொடங்குவார்கள். கடைச் சத்துப் பொடியையும் பசி மருந்தையும் நீங்களாகப் பரிந்துரைக்காதீர்கள்.

அனுப்பிய பிறகு மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய், போனார்களா என்று பாருங்கள். போகவில்லை என்றால் தடை எதுவென்று கேளுங்கள்: பேருந்துச் செலவா, வீட்டில் இருக்கும் மற்ற பிள்ளையை யார் பார்ப்பது என்பதா, கணவரின் அனுமதியா. அதைத் தீர்க்கும்வரை 'அனுப்பப்பட்டது' என்ற குறிப்புக்கு மதிப்பில்லை. 'சாம்' குழந்தைகளை வாரம் ஒருமுறையும் 'மாம்' குழந்தைகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் அளங்கள்.

## எடை போட வராத குழந்தைகள்

அளக்கும் நாள் முடிந்ததும் பதிவேட்டில் வெற்றிடமாக இருக்கும் பெயர்களைத் தனித்தாளில் எழுதுங்கள். செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ பெற்றோர் போன வீடு, ஊரின் கடைசித் தெரு, நோயில் படுத்த குழந்தை, அங்கன்வாடிப் பக்கமே வராத குடும்பம் என்று அந்தத் தாளில் சேரும் பெயர்களுக்கு ஒரு காரணம் இருக்கும். குறைபாடு மறைந்திருக்கும் இடமும் பெரும்பாலும் அதுவே. ஒரு வாரத்துக்குள் கைச்சுற்றளவு நாடாவோடு அந்த வீடுகளுக்குப் போங்கள். கையையும் பாதத்தையும் அங்கேயே பாருங்கள், எடைக்கும் உயரத்துக்கும் வர ஒரு நாள் குறித்துக் கொடுங்கள். வெளியூர் போயிருந்தால் எந்த ஊர், எப்போது திரும்புவார்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டு, பெயருக்கு எதிரே எழுதிவையுங்கள்.